ஈறில் ரத்தம் வந்தால் யாரிடம் போவீர்கள்?

இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. ஆண்டு 1975, செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். வடசென்னைக்காரர்களுக்கு இதில் பெருமை உண்டு. அதற்கு அப்புறம் வந்த இந்த அரை நூற்றாண்டில் இதயம் எங்கள் பக்கத்து அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. கல்மண்டபத்திலோ தண்டையார்பேட்டையிலோ டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். "மூணு அடைப்பாம்", "ரெண்டு ஸ்டென்ட்டு வெச்சிருக்கு", "ஆஞ்சியோ ஸ்டான்லிலயே பண்ட்டாங்க" என்று காதில் விழும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகூட எக்கோ எடுத்த கதையை விவரமாகச் சொல்வார்.

அதே பெஞ்சில் ஈறைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் நான் பார்மசிஸ்ட். மாதா மாதம் வரும் இதய நோயாளிகளின் சீட்டு எனக்கு மனப்பாடம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின், கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின். எல்லாவற்றையும் எடுத்து வைத்து, பில் போடும் நேரத்தில் ஒரு குரல் வரும்: "அப்புறம் பல்லு வலிக்கு ஒரு மாத்திர குடும்மா." சீட்டில் அது இருக்காது. இதய டாக்டரிடம் அதைப் பற்றி அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். நெஞ்சுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு மருந்துக் கடை என்று எங்கள் பக்கம் ஆகிவிட்டது.

இது மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஈறு நோயை இதய நோயாளியின் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பல் தேய்த்தால் ஹார்ட் அட்டாக் வராது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல இன்றுவரை ஆதாரம் கிடையாது, சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் ஆதாரம் முழுசாக இல்லை என்பதற்காக வாயைத் திறந்தே பார்க்காமல் விடுவதும் சரி இல்லை.

பெரியப்பா விஷயத்தில்தான் எனக்கு இதில் அக்கறை வந்தது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்து பீடி. நடு வயதில் சர்க்கரை. நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு பயந்துபோய் பீடியை அடியோடு விட்டுவிட்டார். விட்ட சில வாரங்களில் பல் தேய்க்கும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. அவர் முடிவே கட்டிவிட்டார்: "பீடிய வுட்டதாலதான்டீ இப்பிடி. அது இருந்த வரைக்கும் ஈறு கல்லு மாதிரி இருந்துச்சு." பெரியம்மா வேறு காரணம் சொன்னார்: ரத்தத்தை மெலிசாக்கும் மாத்திரை போட்டால் ரத்தம் வரத்தானே செய்யும்?

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. புகையிலை ஈறில் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் புகைப்பவர்களுக்கு ஈறு நோய் உள்ளே முற்றியிருந்தாலும் வெளியே ரத்தம் அவ்வளவாக வராது, சிவக்கவும் செய்யாது. புகையை நிறுத்தியதும் ரத்த ஓட்டம் திரும்புகிறது, மறைந்திருந்த நோய் வெளியே தெரிகிறது. பீடி ஈறைக் காப்பாற்றவில்லை, நோயை மறைத்து வைத்திருந்தது. ஆஸ்பிரினும் அப்படித்தான். வருகிற ரத்தத்தைக் கொஞ்சம் அதிகமாக்கும், நிற்கத் தாமதமாகும். ஆனால் நல்ல ஈறாக இருந்தால், தினமும் தேய்க்கத் தேய்க்க ரத்தம் வருவதற்கு அந்த மாத்திரை மட்டும் காரணம் ஆகாது.

ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். மெல்லிய கம்பி போன்ற ஒரு கருவி, அதில் மில்லிமீட்டர் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி அளந்துகொண்டே வந்தார். ஆரோக்கியமான வாயில் அந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்கு மேல் போனால் அதைப் பாக்கெட் என்கிறார்கள். பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பற்களில் 6, 7 என்று எண்கள் வந்தன. வலியே இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வலி இல்லாததுதான் இந்த நோயின் பெரிய ஆபத்து. சொத்தைப் பல் என்றால் ராத்திரி தூங்க விடாது. ஈறு நோய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் எலும்பைக் கரைக்கும்.

அந்தப் பாக்கெட்டின் உள்சுவர் முழுக்கப் புண். தோல் மாதிரியான பாதுகாப்பு அங்கே இல்லை. வாய் முழுக்க ஈறு நோய் இருப்பவர்களுக்கு இப்படிப் புண்ணாகிக் கிடக்கும் பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் கடைக்குச் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு வாங்க வருபவர்களை எனக்குத் தெரியும். காலில் அந்த அளவுக்குப் புண் இருந்தால் வீடே பதறும். வாய்க்குள் அதே அளவு புண் வருடக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது, யாரும் கட்டுப் போடவில்லை, யாருக்கும் அது புண் என்றே தெரியவில்லை.

அந்தப் புண்ணின் மேல் கிருமிகள் படலமாகப் படிந்திருக்கின்றன. மனித வாயில் வாழக்கூடிய பாக்டீரியா வகைகளை எண்ணினால் 700-க்கு மேல் போகும். பெரும்பாலானவை தொந்தரவு செய்யாதவை. பாக்கெட் ஆழமாகி, காற்று புகாத இடம் உண்டானதும் வேறு கூட்டம் குடியேறுகிறது. அதில் முக்கியமானது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். இதற்குச் சர்க்கரை வேண்டாம், புரதத்தை வெட்டித் தின்கிறது. இரும்புச் சத்துக்கு நம் ரத்தத்தையே நம்பியிருக்கிறது. ஈறில் ரத்தம் கசியக் கசிய அதற்குச் சாப்பாடு. அது வளர வளர ஈறு இன்னும் வீங்கும், இன்னும் கசியும்.

நாம் மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் இந்தக் கிருமிகளில் சில ரத்தத்தில் கலக்கின்றன. நல்ல ஈறு உள்ளவர்களுக்கும் இது எப்போதாவது நடக்கும், உடம்பு சீக்கிரமே துடைத்து எடுத்துவிடும். பாக்கெட் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, அளவும் அதிகம். அப்படிப் போகும் ஜிஞ்சிவாலிஸ் ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களுக்குள் நுழைந்து தங்கக்கூடியது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். வாயில் சாதாரணமாக வாழும் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கும். மாரடைப்புக்குக் காரணமான ரத்தக் கட்டி உருவாவதும் இந்தத் தட்டணுக்கள் ஒட்டுவதால்தான்.

கிருமி நேரில் போய்ச் சேராவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. ஆறாத புண் எங்கே இருந்தாலும் அங்கிருந்து அழற்சியை, அதாவது உடம்பு கிருமியோடு போராடும்போது வரும் வீக்கத்தை, தூண்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். கல்லீரல் அதைக் கேட்டு, அழற்சி கூடியதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கும். பலரும் இதயத்தில் அடைப்பு என்றால் சாக்கடைக் குழாயில் கொழுப்பு அப்பிக்கொள்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளே போய்ச் சேர்கிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் அங்கேயே வீங்கிச் சாகின்றன. சுவர் வீங்குகிறது, மேலே ஒரு மெல்லிய மூடி உண்டாகிறது. அந்த மூடி ஒருநாள் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. மூடியை அரித்து மெலிய வைப்பது அழற்சி. அழற்சியை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. கொழுப்பின் அளவு மாறவில்லை, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. அந்த மருந்தால் தொற்று நோய்கள் கூடின, இதய நோய்க்கு அது புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் அழற்சி ஒரு காரணம் என்பது அதில் உறுதியானது.

சரி, வாய்க்கும் இதயத்துக்கும் நேரடியாக என்ன சாட்சி? 1989-இல் பின்லாந்தில் கிம்மோ மட்டிலாவும் அவரோடு வேலை செய்தவர்களும் மாரடைப்பு வந்த 100 பேரின் வாயைப் பரிசோதித்து, மாரடைப்பு வராத 102 பேரோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் வாய் மோசமாக இருந்தது. வயது, புகை, கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. 1993-இல் அமெரிக்காவில் 9,700-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்றது. 2000-இல் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து அறுவை செய்து எடுத்த 50 கொழுப்புப் படிவுகளைச் சோதித்ததில், 44 சதவீதத்தில் ஈறு நோய்க் கிருமிகளின் டி.என்.ஏ. இருந்தது. டி.என்.ஏ. இருந்தால் செத்த கிருமியின் மிச்சமாகவும் இருக்கலாமே என்ற கேள்வி வந்தது. படிவுக்குள் உயிரோடு இருக்கும் கிருமிகளையே 2005-இல் காட்டினார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2013-இல் வந்த பின்லாந்து ஆய்வு. மாரடைப்போடு வந்த 101 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தபோது, அடைத்துக்கொண்டிருந்த ரத்தக் கட்டியை உறிஞ்சி எடுத்து ஆராய்ந்தார்கள். சுமார் 78 சதவீதத்தில் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளின் டி.என்.ஏ. இருந்தது. சுமார் 35 சதவீதத்தில் ஈறு நோய்க் கிருமிகள். அதே நோயாளியின் உடம்பில் ஓடும் ரத்தத்தில் இருந்ததைவிடக் கட்டிக்குள் இவை பல மடங்கு அதிகம். பின்லாந்துக்காரர்களே 2025-இல் இன்னும் ஒரு படி போனார்கள். திடீரென்று இறந்தவர்களின் இதயக் குழாய்களைப் பிரேதப் பரிசோதனையில் எடுத்துப் பார்த்தபோது, 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் இந்த வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்தது. படிவின் ஆழத்தில், எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாத படலமாக அது உட்கார்ந்திருந்தது. மூடி கிழிந்த இடங்களில் அந்தக் கிருமிகள் கலைந்து வெளியே வந்திருந்தன, சுற்றிலும் அழற்சி. நெஞ்சுக்குள் கிழிந்த இடத்தில் வாயின் கிருமி. இதைப் படித்த பிறகு, கவுன்ட்டரில் 'பல்லு வலி மாத்திர' என்று கேட்கும் குரலை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தோடு நிறுத்தினால் கதை பாதிதான். 2000-இல் வேறு ஆய்வாளர்கள் அதே வகை அமெரிக்கத் தரவுகளை எடுத்து இன்னும் கறாராகக் கழித்துப் பார்த்தபோது, ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் காரண காரியத் தொடர்பு இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க இதய சங்கம் 2012-இல் எல்லா ஆய்வுகளையும் அலசி ஒரு அறிக்கை கொடுத்தது: இரண்டும் சேர்ந்து காணப்படுவது உண்மை, ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று நிரூபணம் ஆகவில்லை, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பு குறையும் என்றும் காட்டப்படவில்லை. இதை நான் மதிக்கிறேன். ஏனென்றால் எங்கள் தெருக்களில் நின்று பார்த்தால் இந்தச் சந்தேகத்தின் நியாயம் புரியும். மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரின் அனல் மின் நிலையங்கள், நாள் முழுக்கப் போகும் கன்டெய்னர் லாரிகள், இவற்றின் புகையை மூச்சில் இழுப்பவர்கள் நாங்கள். நுண்துகள் மாசு ஒன்றே இதயத்தைக் கெடுக்கப் போதும். அதே ஆள் பீடியும் பிடிக்கிறார், புகையிலை கலந்த மாவாவும் போடுகிறார், சர்க்கரையும் இருக்கிறது, சம்பளம் கம்மி, பல் டாக்டரிடம் போனதே இல்லை. அவருக்கு மாரடைப்பு வந்தால் குற்றத்தை ஈறின் தலையில் மட்டும் எப்படிப் போடுவது?

ஆனாலும் ஒரு சோதனை என் மனதைக் கொஞ்சம் சாய்க்கிறது. 2007-இல் லண்டனில் செய்தது. கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேர். பாதிப் பேருக்கு வேர் வரைக்கும் போய்த் தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான மேலோட்டமான சுத்தம். கையில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விட்டதும் ரத்தக் குழாய் எவ்வளவு தாராளமாக விரிகிறது என்று அளந்தார்கள். தீவிரச் சிகிச்சை செய்தவர்களுக்கு மறுநாள் குழாயின் நிலை மோசமானது. கிளறிவிட்ட கிருமியும் அழற்சியும் ரத்தத்தில் கலந்த விளைவு அது. ஆனால் 6 மாதம் கழித்து அவர்களின் குழாய்கள் மற்றவர்களுடையதைவிட நன்றாக விரிந்தன. மாரடைப்பு குறைந்தது என்பதற்கு இது ஆதாரம் இல்லை. ஆனால் ஈறைத் தொட்டால் கையில் ஓடும் ரத்தக் குழாய் பதில் சொல்கிறது என்பதற்கு ஆதாரம்தான். முதலில் கெட்டு, அப்புறம் தேறுவது என்ற இரண்டு பக்கமும் சேர்ந்து வந்ததால் எனக்கு அதில் நம்பிக்கை கூடுகிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயின் சீழ்தான் பல நோய்களுக்கு மூலம் என்று முழங்கினார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த சில பத்தாண்டுகள் மேற்கு நாடுகளில் மூட்டு வலிக்கும் மன நோய்க்கும்கூட நல்ல பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கித் தள்ளினார்கள். அமெரிக்காவில் ஹென்றி காட்டன் என்ற மனநல மருத்துவர் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கியதோடு நிற்காமல் குடலையும் வெட்டினார், பலர் செத்தார்கள். அதனால் "இதயத்துக்கு நல்லது, எல்லாப் பல்லையும் எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாப் பற்களும் போனவர்களுக்கு இதய நோய் குறைகிறதா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். குறையவில்லை.

ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். கிருமிதானே காரணம், மாத்திரை போட்டுக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். நுரையீரலைத் தாக்கும் வேறொரு கிருமியை மனதில் வைத்து, சுமார் 4,000 இதய நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை அசித்ரோமைசின் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005-இல் வந்தது, இதயத்துக்குப் பலன் பூஜ்யம். ஈறின் படலத்தைப் பொறுத்தவரையும் கையால் சுரண்டி எடுக்காமல் மாத்திரையால் மட்டும் போக்க முடியாது. மாத்திரை போட்டால் வீக்கம் ரெண்டு நாள் அடங்கும், பல்லில் இறுகிய காரை அங்கேயே இருக்கும், வீக்கம் திரும்ப வரும்.

இங்கே என் தொழில் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். இதய நோயாளி பல் வலிக்கு என்று கடையில் தானாக வாங்கும் மாத்திரை, அந்தப் பல்லைவிட ஆபத்தானது. ஐபுபுரூஃபென் சேர்ந்த மாத்திரையை ஆஸ்பிரினோடு போட்டால், ஆஸ்பிரின் தட்டணுக்களில் போய் வேலை செய்யும் இடத்தை அது முந்திக்கொண்டு மறித்துவிடும். ஸ்டென்ட்டைக் காக்க நீங்கள் தினமும் போடும் மாத்திரை வீணாகலாம். டைக்ளோஃபெனாக் மாரடைப்பு அபாயத்தையே கூட்டும், இதய நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது என்று ஐரோப்பாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. இங்கே ஊசியாகவும் மாத்திரையாகவும் களிம்பாகவும் அதிகம் ஓடும் மருந்து அதுதான். இன்னொன்று மெட்ரோனிடசோல். பல் வீக்கத்துக்கு எல்லோரும் பேர் சொல்லிக் கேட்பது. சின்ன வயதில் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு மாற்றியவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் போடும் வார்ஃபரின், அசெனோகூமரால் மாத்திரையின் வேகத்தை இது ஏற்றிவிடும். எங்கே வேண்டுமானாலும் ரத்தக் கசிவு வரலாம். இந்த மூன்றையும் சீட்டு இல்லாமல் கேட்டால் எங்கள் கடையில் தருவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

வால்வு நோயாளிகளைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் விஷயத்தில் வாய்க் கிருமிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பில் சந்தேகமே இல்லை. வாயின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் போய் வால்வில் ஒட்டி வளர்ந்தால் அது உயிரைக் குடிக்கும் தொற்று. செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன்னால், ஈறைச் சுத்தம் செய்யும் முன்னால், தங்களுக்கு வால்வு மாற்றியிருக்கிறது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

பிரஷர் மாத்திரை அம்லோடிபின் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்கு அது ஈறைப் பெருக்க வைக்கும். பல்லின் மேல் ஈறு தடித்து ஏறும், அழுக்கு சேர்ந்தால் இன்னும் ஏறும். "ஈறு வளருது, கேன்சரா?" என்று பயத்தோடு கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் காட்டினால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

பெரியப்பாவைச் சுத்தம் செய்யச் சம்மதிக்க வைக்கத்தான் பெரிய பாடு. "கிளீன் பண்ணா பல்லு ஆட ஆரம்பிச்சுடும், எதிர் வூட்டு ஆளுக்கு அப்பிடித்தான் ஆச்சு" என்றார். இது ஊர் முழுக்க இருக்கும் பயம். பல வருடக் காரை கல்லாக இறுகி, ஆடும் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிய வரும், பல் கூசும். ஆட்டத்தைக் கொண்டுவந்தது நோய், சுத்தம் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பதும் அதே மாதிரிப் பொய்ப் பயம். ஈறு நிபுணர் இதயச் சிகிச்சைக் காகிதங்களையெல்லாம் படித்துவிட்டு, இதய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, எந்த மாத்திரையையும் நிறுத்தாமலே வாயை நான்கு பகுதியாகப் பிரித்துத் தனித்தனி நாளில் செய்தார். ரத்தம் கொஞ்சம் வந்தது, பஞ்சு வைத்து அழுத்தியதும் நின்றது.

அப்புறம் சில மாதங்களில் பெரியப்பாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவும் கொஞ்சம் இறங்கியது. உணவுக் கட்டுப்பாடும் கூடவே இருந்ததால் பெருமை முழுவதையும் ஈறுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தத் தொடர்பு மட்டும் நன்றாக நிரூபணமானது: ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரை நோயாளிகளின் எச்பிஏ1சி, அதாவது அந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி வரை குறைகிறது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இதயத்தைப் பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும், சர்க்கரை உள்ள ஒருவர் ஈறைப் பார்த்துக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்து, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. எங்கள் தெருவிலும் அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் வருகிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், பொறுமையாகப் பேசுகிறார்கள். நல்ல திட்டம். அவர்கள் கையில் இருக்கும் கேள்விகளோடு இன்னொன்று சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்: பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா, பல் ஆடுதா? கருவி வேண்டாம், செலவு இல்லை. ஆஞ்சியோ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டிலும் 'ஈறு நோய்ப் பிரிவில் காட்டவும்' என்று ஒரு வரி எழுதலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பிரின் அட்டையைக் கையில் கொடுக்கும்போது கேட்பேன். சிலர் "அது சகஜம்தானேம்மா" என்று சிரிப்பார்கள். சிலர் ரத்தம் வருகிறது என்பதற்காகத் தேய்ப்பதையே விட்டுவிட்டு விரலால் பொடி தடவுவதாகச் சொல்வார்கள். ரத்தம் வரும் இடத்தில்தான் மெதுவான பிரஷ்ஷால் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டும், ராத்திரி ஒருமுறை கட்டாயம், பல்லுக்கு நடுவில் போகும் சின்ன பிரஷ் கிடைக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், நீண்ட நாள் சர்க்கரை, போன வருடம் ஸ்டென்ட். நான் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரத்தம் வருதும்மா. ஆனா அதுக்கு எந்த டாக்டரு?" என்று கேட்டார். கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-லிருந்து இருக்கிறது, அங்கே ஈறுக்கு என்றே தனிப் பிரிவு உண்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள் என்றேன். ஸ்டென்ட் வைத்த தேதி எழுதிய காகிதம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, கடைசியாகப் பார்த்த சர்க்கரை ரிப்போர்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொன்னேன். முதல் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.